பத்து ரூபாய் வட்டி, ஏழு ரூபாய் வருமானம்

3.6.2025, செவ்வாய்

இந்த நோட்டில் எழுதப்போவதை எவனும் நம்பமாட்டான் என்று பென்னலூர் தாண்டவராயனாகிய நான் இதன்மூலம் உறுதி கூறுகிறேன். ஒரகடத்துக் கம்பெனிகளெல்லாம் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட்டால் சூரியனே வெட்கப்பட்டு வந்த வழியே திரும்பிவிடும். என் மொட்டைமாடியிலிருந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தங்கை சரோஜாவுக்கு ஆலோசனை அருளினேன்: "இவ்ளோ கரண்ட் குடிக்கிறானுங்க, விக்கிறவன் எப்டிமா நஷ்டப்படுவான்?"

அவள் புருஷன் போனபின் வந்த பி.எஃப். பணம் மூன்று லட்சமும் கீழ்த்திசை பவர் கம்பெனியின் பங்குகளாயிற்று. வாங்கியது நூற்றுப் பன்னிரண்டுக்கு. இன்று அறுபத்தொன்று. ஆகஸ்டில் அவள் மகள் சுபஸ்ரீக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ் கட்டவேண்டும்.

சிங்கம் படுத்திருக்கிறது. அவ்வளவுதான்.

8.6, ஞாயிறு

மாடி அறையில் குடியிருக்கும் இசக்கிதுரை நாங்குநேரிக்காரன். பி.காம். படித்துவிட்டுக் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கிறான். இன்று ஓ.டி. இல்லை. கீழ்த்திசையின் ஆண்டறிக்கையைப் போனில் திறந்தான். நான் மகாராஜா போல நாற்காலியில் சாய்ந்தேன். பத்தே நிமிடத்தில் நிமிர்ந்துவிட்டேன்.

"அண்ணாச்சி, கரண்டு வித்து நிக்கது ஏழு ரூவான்னா, கட்ட வேண்டிய வட்டி பத்து ரூவா. நெலத்த வித்துல்லா லாபம் காட்டியிருக்காவ."

"வருஷா வருஷம் டிவிடெண்ட் குட்த்தானேப்பா?"

"கடன வாங்கிக் குடுத்திருக்கான்."

"இத்தினி கம்பெனி கரண்ட் வாங்குதே—"

"வாங்குதாவ. துட்டு வரணும்லா? ஒங்க ஆறு ரூமும் ஃபுல்லுன்னு ஊரெல்லாம் சொல்லுதிய. வாடகை எத்தன ரூம்ல வருது?"

இரண்டில். பாக்கி வைத்திருக்கும் நாலு பேரில் தானும் ஒருவன் என்பதை அந்த மகாபாவி மறந்தேபோனான்.

"நாளைக்கே வித்துருங்க அண்ணாச்சி. பாதியாவது மிஞ்சும்."

9.6

விற்கவில்லை. சரோஜாவின் பங்குக் கணக்கு என் போனில்தான் இருக்கிறது. பதினெட்டாயிரம் முறை போனை எடுத்தேன், வைத்தேன். விற்றால் அவளிடம் சொல்லவேண்டும்— அண்ணன் சொன்னது தப்பென்று. எப்படிச் சொல்ல?

24.6

ஐம்பத்திரண்டு.

6.7, ஞாயிறு

படப்பையில் சரோஜா வீடு. மீன் குழம்பு.

"அண்ணா, இன்னாச்சு அந்த கரண்ட் கம்பெனி? ஃபீஸுக்கு எட்த்துரலாமா?"

"அவசரப்படாதம்மா. ஏறப்போற ஏத்தத்துல காலேஜையே வாங்கிப்புடலாம்."

சுபஸ்ரீ சிரிக்கவில்லை. "காலேஜ் வேணாம் மாமா. ஒரு சீட் போதும்."



24.7

கீழ்த்திசை கடன் தவணை கட்டவில்லையாம். இப்போதுதான் விற்கப் போட்டேன். வாங்க ஒரு ஆள் இல்லை. விலை ஒரு நாளைக்கு இவ்வளவுதான் இறங்கலாம் என்ற எல்லையைக் காலையிலேயே தொட்டு, அங்கேயே நின்றுவிட்டது. நாளைக்கும் இப்படித்தானா?

25.7

இப்படித்தான்.

11.8, திங்கள்

சந்தை திறந்த நாள் கணக்கில் பதின்மூன்றாம் நாள் விற்றது. பதினாலு ரூபாய்க்கு. மூன்று லட்சத்தில் முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு மிச்சம். படப்பைக்குப் போய்ச் சொன்னேன். கத்துவாள் என்று காத்திருந்தேன். என் போனை வாங்கினாள், சுபஸ்ரீயிடம் கொடுத்தாள். "கணக்க நம்ம போனுக்கு மாத்துடி" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

1.9, திங்கள்

சுபஸ்ரீ ஒரகடத்தில் லைனில் சேர்ந்துவிட்டாள். கான்ட்ராக்ட். காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ். நிறுத்தத்தில் போய் நின்றேன். "வரேன் மாமா" என்றாள், கழுத்து அட்டையைச் சரிசெய்துகொண்டே.

சூரியன் வெட்கப்பட்டது, சிங்கம் படுத்தது எல்லாம் புளுகு. இசக்கிதுரை சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்பதும் புளுகு. வாங்குவதற்கு முந்தின நாள் அந்த அறிக்கையை நானே படித்தேன். ஆனால் அதற்குள் சரோஜாவிடம் பெரிதாகப் பேசியாகிவிட்டது. வட்டி பத்து, வருமானம் ஏழு— அது ஒன்றுதான் இதில் நிஜம். அன்றைக்கே புரிந்தது.