மீனா கட்டிக்கொடுத்த பெண்

ஜூன் 18, புதன்

ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள். மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர், நர்ஸ் பெர்சிஸ், தரை துடைக்க வருகிற அம்மா என்று எல்லோரும் என் மூத்திரப் பையை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதில் பேர் சொல்கிற மாதிரி ஒன்றும் விழவில்லை. எனக்குச் சிறுநீரகம் கொடுத்த என் மனைவி அழகுமீனா, அடுத்த வார்டிலிருந்து சக்கர நாற்காலியில் வந்தாள். எப்படி இருக்கீக என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக என் வயிற்றைப் பார்த்து, "புது வீடுல்ல, கூச்சப்படுது. பழகிரும்" என்றாள்.

எங்களுக்கு இரண்டும் பையன்கள். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் ஆசையை என் வயிற்றில் தீர்த்துக்கொள்கிறாள்.

ஜூன் 19

விழுந்தது! பை நிறைந்தது. அழுதேன். மூத்திரம் போனதற்கு அழுத பட்டாசு முதலாளி விருதுநகர் மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஜூன் 22

மச்சினன் முனியராஜ் தாம்பாளத்தில் பூ, பழம், அல்வாவோடு வந்தான். புதுப்பெண்ணுக்குத் தாய்மாமன் சீராம். பெர்சிஸ் வாசலிலேயே மறித்து, கிருமி என்று பூவையும், பொட்டாசியம் என்று வாழைப்பழத்தையும், சர்க்கரை என்று அல்வாவையும் திருப்பிவிட்டாள். மிஞ்சியது தாம்பாளம்தான். அதையும் கழுவிக்கொண்டு வரச் சொன்னாள்.

செப்டம்பர் 8

இன்று முதல் ஆலைக்குப் போகலாம். மாஸ்க்கோடு, ஆபீஸ் அறையில் மட்டும். தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்து கிடக்கிறது. மீனா தன் குரலைப் பதிந்து என் செல்போனில் அலாரம் வைத்தாள். காலையும் இரவும் ஒன்பது மணிக்கு அவள் குரலே கேட்கும்: "மாத்திரை போட்டீகளா?" அந்த மாத்திரையை விட்டால், உடம்பு புதுச் சிறுநீரகத்தை அந்நியன் என்று அடித்துத் துரத்திவிடுமாம்.

"எம்பிள்ளய அங்கன பட்டினி போட்றாதீக" என்றாள்.

செப்டம்பர் 15

ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு ஏறிவிட்டது. மறுபடியும் மதுரை, அதே வார்டு. உடம்பு சிறுநீரகத்தைத் தள்ளப் பார்க்கிறதாம். மாத்திரையை விட்டீர்களா என்றார் டாக்டர். சத்தியமாக இல்லை என்றேன். முனியராஜ் ஆலை ஆபீஸ் லேண்ட்லைனிலிருந்து போன் செய்தான் — மேசையில் காலை மாத்திரை அட்டை பிரிக்காமலேயே கிடக்கிறது. அலாரம் அடித்ததும் போடலாம் என்றுதானே இருந்தேன்? அடித்ததாகவே நினைவில்லையே.

மீனா திட்டினால் தாங்கிக்கொள்வேன். அவளோ விலாவிலுள்ள தன் தழும்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பயமா இருக்கு. அவ குடுத்ததையும் தொலைச்சுட்டேனா?

செப்டம்பர் 16

விஷயம் தெரிந்துவிட்டது. வெடிமருந்து இருக்கிற ஆலைக்குள் செல்போன் கூடாது. கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். அந்த போர்டை மாட்டியவனே நான்தான். ஒரு வாரமாக என் போன் வாட்ச்மேன் அய்யப்பனின் பெட்டிக்குள் கிடந்து பேசியிருக்கிறது. அவர் இன்று பார்க்க வந்தார். நெளிந்துகொண்டே சொன்னார்:

"அம்மா தெனமும் மாத்திரை போட்டீகளான்னு கேட்டாக. எனக்குச் சுகர்னு இவுகளுக்கு எப்படித் தெரியும்னு நெனச்சேன். போட்டுட்டேம்மான்னு சொல்லிட்டேன், மொதலாளி."

மீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படியே அழுதாள். நானும்தான்.

செப்டம்பர் 19

ஊசி வேலை செய்கிறது. கிரியேட்டினின் இறங்குகிறது.

செப்டம்பர் 29

ஆலையில் இப்போது ஒன்பதானால் அய்யப்பன் மணி அடிக்கிறார். ஷெட்டுகளிலிருந்து ஆட்கள் தலையை நீட்டுகிறார்கள். நான் ஆபீஸ் வாசலில் நின்று மாத்திரையைத் தூக்கிக் காட்டிவிட்டு விழுங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வேலை ஓடுகிறது. கேட்டில் அய்யப்பனும் தன் சுகர் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார்.

அக்டோபர் 20, தீபாவளி

கிரியேட்டினின் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஊரெல்லாம் வெடிக்கிறது. புகை ஆகாது என்று என்னை ஜன்னலை அடைத்து உள்ளே வைத்திருக்கிறாள். ஆலை முதலாளி கையில் ஒரு கம்பி மத்தாப்பு கூட இல்லை.

காலையில் மஞ்சள் தடவிய புது வேட்டியை நீட்டினாள். "பொண்ணுக்குத் தலைதீபாவளி. உக்காருங்க, மாப்ள."

தலைதீபாவளியைப் பெண்ணின் பிறந்த வீட்டில்தானே கொண்டாட வேண்டும் என்றேன். பெற்றவள் இருக்கிற இடம்தான் பிறந்த வீடு என்று சொல்லி இட்லி வைத்தாள். பிறகு குனிந்து, "ஒண்ணும் கொறை இல்லயே?" என்று வயிற்றிடம் விசாரித்தாள். இல்லை என்று நான்தான் சொன்னேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நீங்க எப்படி இருக்கீக?"

ஆபரேஷனுக்குப் பிறகு இன்றுதான் இதைக் கேட்கிறாள். நன்றாக இருக்கிறேன் என்று இந்தத் தடவை எனக்காகச் சொன்னேன்.