உன் பெயரை அடித்தது நான்தான்

இன்று காலை ஸ்தோத்திரப் புத்தகத்தைப் பிரித்தபோது நடுவிலிருந்து ஒரு சினிமா டிக்கெட் நழுவி விழுந்தது. மை மங்கி, படத்தின் பெயர்கூடத் தெரியவில்லை. குனிய என் இடுப்பு இடம் கொடுக்கவில்லை. மருமகள்தான் எடுத்துக் கொடுத்தாள். “என்ன அத்தை, சாமி புத்தகத்துல சினிமா டிக்கெட்டு?” என்று சிரித்தாள். “அதுவும் பிரசாதம்தாம்மா” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

நீ போய் ஆறு மாதமாகிறது. இந்த ஆறு மாதத்தில் உன்னிடம் சொல்ல எவ்வளவோ சேர்ந்துவிட்டது. ஆனால் முதலில் பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும். அதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

என் கணவர் அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றதும் ஊரப்பாக்கத்தில் இந்த ஃபிளாட்டை வாங்கிக்கொண்டு வந்தோம். பின்தெருவில் உன் வீடு. மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள் நீ. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. பெரிய ஸ்டிக்கர் பொட்டு, கை நிறையக் கண்ணாடி வளையல், வாடினாலும் எடுக்காத பூ. தெரு முனையிலிருந்தே உன் குரல் கேட்கும். என்னைவிட இரண்டு வயது சின்னவள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு ‘யக்கா’ என்று பெயர் வைத்துவிட்டாய்.

அப்போது தெரு அம்மன் கோயிலில் எங்கள் வெள்ளிக்கிழமைப் பாராயணக் குழு ஆடியில் திருவிளக்கு பூஜை நடத்தும். நூற்றெட்டு விளக்கு. பெயர் எழுதுவது என் வேலை. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை. நீயும் வந்து பெயர் கொடுத்தாய். எழுதிக்கொண்டேன். மறுநாள் குழுத் தலைவி லலிதா கூப்பிட்டாள். “அவங்களுக்கு வீட்டுக்காரர் கிடையாதே, தெரியாதா உங்களுக்கு? அவங்களுக்கு இருபத்தொம்பது வயசு இருக்கும்போதே போயிட்டார். பொட்டு வச்சிக்கிட்டுத் திரியறதால யாருக்கும் தெரியறதில்ல. சுமங்கலிங்க உட்கார்ற பூஜை இது” என்றாள். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பேனாவை எடுத்து உன் பெயர் மேல் ஒரு கோடு போட்டேன். ஸ்கேல் வைத்து, நேராக.

பூஜையன்று புளி போட்டுத் துலக்கிய விளக்கோடு வந்தாய். கோயில் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தாய். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டை போடுவாய் என்று நினைத்தேன். நீ விளக்கை ஓரமாக வைத்துவிட்டு, கோயிலுக்குப் பின்னால் போய், அங்கே அடிப்பிடிக்க இருந்த சர்க்கரைப் பொங்கலைக் கிளற ஆரம்பித்தாய். நூற்றெட்டுப் பேரும் சாப்பிட்டது உன் கைப் பொங்கல். விளக்கேற்றக் கூடாத கை பொங்கல் மட்டும் கிளறலாமா என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஐந்து வருடம் கழித்து என் கணவர் போனார். பத்தாம் நாள் என் நாத்தனார் என்னைக் கூடத்தில் உட்கார வைத்துத் தலை நிறையப் பூ வைத்தாள், கை நிறைய வளையல் போட்டாள். எதற்கென்று எனக்குத் தெரியும். நானும் எத்தனையோ வீடுகளில் நடந்ததைக் கேட்டவள்தானே. பாராயணக் குழுவில் ஒருத்தியும் வரவில்லை. சுமங்கலிகள் அந்த நேரத்தில் வரக் கூடாதாம். நீ வந்தாய்.

“இன்னாம்மா பண்ணப் போறீங்க?” என்றாய் என் நாத்தனாரிடம்.

“சம்பிரதாயம். நீங்க யாரு நடுவுல?”

“வளையலு ஒடைக்கணும், அவ்ளோதானே? என் கைல ரெண்டு டஜன் கீது. இத்த ஒடைங்க. முப்பது வருசமாப் போட்டுகினு கீறேன், ஒரு சாமியும் வந்து கேக்கல. அக்காவ வுட்ருங்க.”

கையை நீட்டிக்கொண்டு நின்றாய். அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அது நின்றிருக்கும். நான் உன்னைப் பார்க்காமல் என் கைகளை நாத்தனாரிடம் நீட்டினேன். எல்லாம் முடிந்த பிறகு தரையில் கிடந்த கண்ணாடித் துண்டுகளை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தவள் நீதான். “கால்ல குத்திடும்க்கா, நவுரு” என்றாய்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் சீரியல் நேரத்துக்கு வந்துவிடுவாய். அந்த வீட்டில் நீ வந்தபோது மட்டும்தான் சத்தம் இருந்தது. சீரியலில் மருமகள் அழ, மாமியார் முறைக்க, இசை இடி இடிக்கும்; நீ டிவியோடு சண்டைக்குப் போவாய். “தே, அவ அடிக்கிறா, நீ பூஜை ரூமுக்குப் போய் மணியடிக்கிற! சாமியா வந்து ஒனக்கு வாய் குடுக்கும்?” என்று கத்துவாய். நான் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். சிரித்துவிட்டு, மாலை போட்டிருந்த என் கணவர் படத்தைத் திரும்பிப் பார்த்தேன். “அண்ணன் கோவிச்சிக்க மாட்டாரு, சிரி” என்றாய்.

பிறகுதான் அந்த சினிமா. வருஷம் திரும்பும்வரை வாசலைத் தாண்டக் கூடாது என்று என்னைச் சுற்றி ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாவது மாதத்தில், ஒரு புதன்கிழமைப் பகல் காட்சிக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று என் மகனிடம் பொய் சொல்லிவிட்டு இழுத்துக்கொண்டு போனாய். படத்தில் கதாநாயகனின் அம்மா வெள்ளைப் புடவையில் சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தாள். அவள் வேறு எதுவும் செய்யவில்லை. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் நீ எழுந்து நின்று, “எம்மா, எழுந்து போய் ஒரு வாய் காப்பியாவது குடிம்மா! எம்மாம் நேரம் அங்கயே குந்திகினு கீற?” என்றாய். தியேட்டரே சிரித்தது. பின்வரிசைப் பெண்கள் விசிலடித்தார்கள். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. ஆனால் இடைவேளையில் நான்தான் போய் இரண்டு காப்பி வாங்கி வந்தேன்.

பாட்டு விஷயத்திலும் நமக்கு ஒத்துப்போனதில்லை. ஆடியில் மைக் செட்டில் சினிமா மெட்டில் அம்மன் பாட்டு அலறும். அது எனக்குப் பிடிக்காது. பாராயணம் என்றால் உச்சரிப்பு வேண்டும், ராகம் வேண்டும் என்பேன். நீ அந்தப் பாட்டுக்கு இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு ஆடுவாய். ஒருநாள் கேட்டேவிட்டாய்: “ராகம் தப்பாப் பாடினா சாமிக்குக் காது வலிக்கும்ன்ற. மனுசியத் தொரத்தினா மட்டும் வலிக்காதாக்கா?” உனக்கு விஷயம் தெரிந்துதான் கேட்கிறாயோ என்று எனக்கு வியர்த்துவிட்டது. தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது.

திருவிடந்தைக்குப் போனதும் உன் பிடிவாதம்தான். வண்டலூரில் ஒரு பஸ், கேளம்பாக்கத்தில் இன்னொன்று. தினம் ஒரு கல்யாணம் செய்துகொண்ட பெருமாள் என்பதால் மாலையும் கையுமாக, கல்யாணம் ஆகாத பிள்ளைகள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். எதிரில் வந்த ஒரு பெண்ணின் அம்மா என் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டு மகளைச் சட்டென்று அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் தூண் ஓரமாக ஒதுங்கினேன். நீ என் கையைப் பிடித்து நேரே சன்னிதிக்கு அழைத்துக்கொண்டு போனாய். உற்சவர் கன்னத்தில் இருக்கும் திருஷ்டிப் பொட்டை அர்ச்சகர் தீபம் காட்டி விளக்கினார். நீ என் காதில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, “பாத்தியா, பெருமாளுக்கே திஷ்டிப் பொட்டு. நம்ம பார்வைக்கு சாமியே பயப்படுதுன்னா நமக்கு எம்மாம் பவரு கீது பாரு!” என்றாய். அர்ச்சகர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். நான் பெருமாள் முன்னால் சத்தமாகச் சிரித்தேன்.

அன்று கடற்கரையில், மீன் வலைகள் காய்ந்துகொண்டிருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன். “அந்தத் திருவிளக்கு பூஜை... உன் பேரை அடிச்சது நான்தான்.”

நீ சுண்டல் பொட்டலத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தெரியும்க்கா. கோடு அம்மாம் நேரா வேற யாரு போடுவா?”

“தெரிஞ்சும் ஏன் என் வீட்டுக்கு வந்தே? அந்தப் பத்தாம் நாள்?”

“ஒன் மேல அன்னைக்குப் போட்டாங்களே, அதே கோடு. அது எப்டி வலிக்கும்னு எனக்குத்தானே தெரியும். அதான் வந்தேன்.” ஒரு வாய் சுண்டலைப் போட்டுக்கொண்டு, “ஆனா எனக்குக் கோவம் போவல. அது அப்டியேதான் கீது. அத்தயும் சொல்லிட்றேன்” என்றாய்.

மன்னித்துவிட்டேன் என்று நீ சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன். நீ அதைச் சொல்லாதது நல்லதாகப் போயிற்று.

மாசி மாதத்தில் ஒரு காலையில் குழாயடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாலையில் உன்னைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். உன் நெற்றியில் பொட்டு இல்லை. அந்த நெற்றியை நான் அப்படிப் பார்த்ததே இல்லை, யாரோ போலிருந்தாய். உன் மகள் செல்வி குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உன் ஊர்ப் பெரியம்மா ஒருத்தி, “தாலியில்லாதவளுக்குக் குங்குமம் வெச்சி அனுப்பக் கூடாதுடி, குடும்பத்துக்கு ஆவாது” என்று தடுத்துக்கொண்டிருந்தாள். செல்வி என்னைப் பார்த்தாள்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை. ஆனால் சிமிழை வாங்கி, உனக்குப் பிடித்த அளவில், ஐந்து ரூபாய் நாணயம் போலப் பெரிதாக வைத்தேன். “ஆகாதது எதுன்னாலும் எனக்கே ஆகட்டும். எனக்கு ஆக வேண்டியதெல்லாம் ஆயிடுச்சு” என்றேன். செல்வி தன் தலையிலிருந்த பூவை எடுத்து உன் தலையில் வைத்தாள்.

இந்த ஆடியில் குழு மறுபடி பூஜைக்குப் பெயர் எழுதச் சொல்லி என்னிடம் வந்தது. கையெழுத்துக்காக. எழுதினேன். முதல் பெயர் என்னுடையது. அடுத்து செல்வியின் மாமியார், சி பிளாக்கில் போன வருடம் கணவனை இழந்த பாங்க் அம்மா, கணவன் விட்டுப் போன தையற்காரி, இப்படி ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கிக் கேட்டு ஒன்பது பெயர். சில பேர் பயந்து கதவைச் சாத்தினார்கள். லலிதா பட்டியலைப் பார்த்துவிட்டு, “நீங்களே இப்படிப் பண்ணலாமா? பூஜைக்கு ஏதாவது குறை வந்தா?” என்றாள்.

“குறை பல வருஷம் முன்னாலயே வந்தாச்சு லலிதா. அதை நான்தான் எழுதினேன்.”

“மத்தவங்க எழுந்து போயிடுவாங்க.”

“போகட்டும். அம்மன் எழுந்து போனா சொல்லுங்க, நானும் எழுந்துக்கறேன்.”

பதினாறு பேர் எழுந்துதான் போனார்கள். லலிதாவும் போனாள். என் மகன்கூட, “எதுக்கும்மா பிரச்சினை, வீட்டிலேயே ஏத்திக்கக் கூடாதா?” என்றான். ஆனால் காலியான இடங்களில் சில பேர், அதுவரை வெளியில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்கள், உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அர்ச்சகர் தயங்கினார். தையற்காரி, “ஆரம்பிங்க சாமி, எண்ணெய் காயுது” என்றாள். ஆரம்பித்தார். எனக்கு இரண்டு தீக்குச்சி வீணாயிற்று. மூன்றாவதில் திரி பற்றியது. அன்று முழுக்க நான் உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படவேயில்லை.

நாத்தனாருக்கு விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. நேற்று போன் செய்தாள். “இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்? ஊர் சிரிக்குது” என்றாள்.

“சிரிக்கட்டும். ரொம்ப நாளா அழுதுகிட்டிருந்தது” என்றேன். “நவராத்திரிக்கு வா. உன்கிட்ட ஒரு டஜன் வளையல் கேட்கப் போறேன். எனக்குத்தான். பச்சைக் கலர் பார்த்து வாங்கு.”

போனில் வெகுநேரம் சத்தமில்லை. நானும் வைக்கவில்லை. அவள் என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியாது. பழைய நானாக இருந்தால் அந்த மௌனத்திலேயே மன்னிப்புக் கேட்டிருப்பேன். கேட்கவில்லை. கடைசியில் அவள், “கை அளவு என்ன?” என்று கேட்டாள்.

சொன்னேன். உன்னிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதற்குத்தான் இதை எழுதுகிறேன். உன் கோபம் போகாமல் அப்படியே இருக்கிறது என்றாயே, அது இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அதை யாரிடமும் கொடுத்து ஆறவைக்க மாட்டேன்.