டாக்டரம்மா இங்கிலீஷில் சொன்னது

11.8.2025, திங்கள்

இன்று பெரம்பலூர் ஆஸ்பத்திரி ரூமில் இருந்தவர்கள்: பொன்னாயி ஆகிய நான், மகன் அறிவரசன், மருமகள் மலர்கொடி, பெரம்பலூரிலேயே வாக்கப்பட்ட மகள் வெற்றிச்செல்வி, கட்டுப் பிரிக்கிற நர்ஸ் பெண், டாக்டரம்மா. ஆறு பேர். கால் என்னுடையது. பேச்சு மட்டும் என்னோடு இல்லை.

வலது கால் சுண்டுவிரல். ஆடியில் புதுச் செருப்பு கடித்தது. சர்க்கரை உடம்பு, ஆறாமல் கருத்துப் போய்விட்டது. டாக்டரம்மா குனிந்து பார்த்தார். "வலிக்குதா பாட்டி?" என்று தமிழில் கேட்டார். இல்லை என்றேன். வலிக்காததுதான் அவருக்குப் பிடிக்கவில்லை போல. உடனே அறிவரசன் பக்கம் திரும்பி இங்கிலீஷ். அவன் ரெட்டிபாளையத்தில் சிமெண்டு ஆலை சூப்பர்வைசர், அவனும் இங்கிலீஷ். வெற்றிச்செல்வி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

வெளியே வந்து கேட்டேன். "ஒண்ணும் இல்லம்மா, மருந்து போட்டா சரியாயிடும்" என்றான்.

ஒன்றும் இல்லாததற்கு அவ்வளவு நேரமா?

நான் அஞ்சாவதுதான். ஆனால் காதில் விழுந்தது எதுவும் போகாது. எழுபத்தேழு புயலில் எங்கள் கூரை பறந்த அன்று யார் யார் எட்டிப் பார்க்கவில்லை என்று இன்றும் வரிசையாகச் சொல்வேன். வீட்டுக்கு வந்ததும் கேட்டதைக் கேட்டபடி எழுதிவிட்டேன்: தி டோ மே பாசிப்ளி ஹேவ் டு கோ.

ஆவணி பத்தொன்பது கல்யாணம். அறிவரசன் பெண் பிரவீணாவை வெற்றிச்செல்வி பையன் ரஞ்சித்குமாருக்குக் கட்டுகிறோம். இரண்டும் என் பேரப்பிள்ளைகள். இன்னும் இருபத்து நாலு நாள்.

12.8

சோறு இறங்கவில்லை. கோ என்றால் போ. அது எனக்கே தெரியும். எது போகும்?

14.8

வீட்டில் கேட்டால் பொய்தான் வரும். பிரவீணா கல்யாணப் பெண், அவளை அழவைக்கக் கூடாது. தெருவில் இங்கிலீஷ் தெரிந்தவள் சசிகலா, கீழப்பழுவூர் நர்சரி ஸ்கூல் டீச்சர். ஆனால் அவள் மாமியார் பாப்பாத்தி. அவளோடு எனக்குப் பேச்சு நின்று பதினோரு வருஷம். என் வீட்டுக்காரர் உத்திராபதி செத்த அன்று எங்கள் வாசலைத் தாண்டி நடவுக்கு ஆள் கூட்டிப் போனவள்.

போனேன். வேறு வழி?

"என்னடி பொன்னாயி, வழி தப்பிட்டியா?"

"ஒன்னப் பாக்க வரல. ஒம் மருமவளப் பாக்க வந்தேன்."

"வா, வா. கட்டுப் போட்ட கால ஈரத்துல வைக்காத, அந்தப் பக்கமா ஏறு."

சசிகலா சிரித்தாள். "என்னத்த, இந்த வயசுல இங்கிலீஷா? வெளிநாட்டு மாப்புள எதுவும் பாத்துருக்காங்களா?"

தாளை நீட்டினேன். சிரிப்பு நின்றது. "கால்விரல எடுக்க வேண்டி வந்தாலும் வரலாம்னு சொல்லியிருக்காங்க அத்த."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "வரலாம்னா? வருமா வராதா?"

"அஞ்சரை மணி டவுன் பஸ் இருக்குல்ல? மே பாசிப்ளின்னா வந்தாலும் வரும், நம்பி நிக்க முடியாது. மே வெல்லுன்னா வந்துரும் போலத்தான் இருக்கு, பையத் தூக்கிக்கலாம். வில் ப்ராபப்ளின்னா அநேகமா வந்துரும், ரோட்டுக்கே போயிரலாம். வில் டெஃபனட்லின்னா பஸ்சு கண்ணுக்குத் தெரியுதுன்னு அர்த்தம்."

குழந்தைகளின் படத்தாளை எடுத்து டோ, ஃபுட், லெக் என்று விரல் வைத்துக் காட்டினாள்.

டாக்டரம்மா சந்தேகத்தை ஒரே சொல்லில் விடவில்லை. மே என்று ஒன்று, அது எவ்வளவு என்று சொல்ல ஒட்டினாற்போல் இன்னொன்று. இனிமேல் அந்த இரண்டாவதைத்தான் காது பிடிக்க வேண்டும்.

பாசிப்ளி. வந்தாலும் வரும். சரி. இன்னும் பஸ் வரவில்லை.

18.8, திங்கள்

மறுபடி பெரம்பலூர். நர்ஸ் பெண் சதையைச் சுரண்டினாள். அப்போதும் வலிக்கவில்லை. டாக்டரம்மா சொன்னது: தி இன்ஃபெக்‌ஷன் மே வெல் ரீச் த போன். அறிவரசன் இரண்டு தடவை ஆஃப்டர் மேரேஜ் என்றான். அதற்குச் சசிகலா வேண்டாம்.

பாசிப்ளி போய் வெல் வந்துவிட்டது. ஒரே வாரத்தில்!

மருந்துக் கடை பெஞ்சில் வெற்றிச்செல்வி மட்டும் பக்கத்தில் இருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டேன். "நீ பொய் சொல்ல மாட்டடி. கால எடுக்கப் போறாங்களா?"

"என் ரெண்டு புள்ளைங்க மேல சத்தியமா ஒண்ணும் இல்லம்மா. கல்யாணத்துல நீதான் முன்னாடி நடந்து வருவ."

சாயங்காலம் சசிகலா சொன்னாள்: "எலும்பு வரைக்கும் போயிரும் போல இருக்கு அத்த."

ரெண்டு புள்ளைங்க மேல. அதுல ஒண்ணு மாப்புள ரஞ்சித்குமாரு. எப்புடி வாய் வந்துச்சு அவளுக்கு? எங்கிட்டப் பால் குடிச்ச வாயில்ல அது?

21.8

பக்கத்து விரலும் நிறம் மாறுகிறது. எல்லாரும் ஜெயங்கொண்டம் பக்கம் பத்திரிகை வைக்கப் போயிருக்கிறார்கள். நானும் என் காலும் மட்டும்.

23.8

பாதம் வீங்கியிருக்கிறது. தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இந்தக் காலோடுதான் அறிவரசனை இடுப்பில் வைத்துக்கொண்டு களையெடுத்தேன். ஒற்றைக் காலோடு இருந்தால் என்னை யார் கக்கூஸுக்குக் கூட்டிப் போவார்கள்? மலர்கொடியா? ஒரு நாள் போவாள். ஒரு மாசம்?

திங்கள் வரைக்கும் தாங்குமா?

25.8, திங்கள்

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

கட்டுப் பிரித்ததும் டாக்டரம்மா முகம் மாறியது. அறிவரசனிடம் சொன்னார்: இட் வில் ப்ராபப்ளி டேக் த ஃபுட்.

ஃபுட் என்றால் பாதம், எனக்குத் தெரியும். படத்தாளில் பார்த்தேன்.

அறிவரசன் வாயைத் திறப்பதற்குள் நான் பேசிவிட்டேன். "டாக்டரம்மா, மொத வாரம் மே பாசிப்ளின்னு சொன்னீங்க. போன வாரம் மே வெல்லு. இன்னிக்கு வில் ப்ராபப்ளி. அடுத்த திங்கக்கெழம என்னங்க சொல்லுவீங்க?"

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மலர்கொடி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அறிவரசன் சுவரைப் பார்த்தான்.

"ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்லியிருக்கணும் பாட்டி. தப்பு என்னோடதுதான்" என்றார் டாக்டரம்மா. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு எல்லாவற்றையும் தமிழில் சொன்னார். இன்றே சேர்ந்தால் அநேகமாக இரண்டு விரலோடு போகும். பத்து நாள் தள்ளினால் பாதம் போகும். அதற்கு மேலும் போகலாம்.

"அம்மா, கல்யாணம்..." என்றாள் வெற்றிச்செல்வி.

"நீங்க நடத்துங்க" என்றேன். ஆப்பரேஷன் சம்மதத் தாளை வாங்கி நானே கையெழுத்துப் போட்டேன். பொன்னாயி. நாலு எழுத்தும் நேராக விழுந்தது.

29.8

இரண்டு விரல் போய்விட்டது. பாதம் இருக்கிறது.

மலர்கொடி கஞ்சி ஊட்டும்போது அழுதாள். "எனக்கும் ஒங்க மவனுக்கும் மொத வாரமே சேத்துரலாம்னுதான் இருந்துச்சு அத்த. நாத்தனாதான் வேணாம்னாங்க. ஆப்பரேசன்ல ஒங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா கல்யாணம் ஒரு வருசம் தள்ளிப் போயிரும்னாங்க."

கஞ்சி போதும் என்றேன்.

அப்ப இவ்வளவும் அவ சொன்னதா? நான் செத்துருவேன்னு பயம் இல்ல. நாள் பாக்காம செத்துருவேன்னு பயம்.

4.9

இன்று கல்யாணம். நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில். அறிவரசன் போனில் நேரடியாகக் காட்டுவதாகச் சொன்னான். போனை எந்தக் கூறுகெட்டவன் பிடித்தானோ, மண்டபத்து மின்விசிறிதான் தெரிந்தது. மேளச் சத்தத்தை வைத்துத் தாலி கட்டியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். நர்ஸ் பெண்ணும் நானும் மின்விசிறிக்கு அட்சதை போட்டோம்.

28.9, ஞாயிறு

வாசல் வரை கம்பு இல்லாமல் நடந்தேன். பாப்பாத்தி எதிர் வாசலில் நின்று, "மெதுவாடி, ஓட்டப் பந்தயமா?" என்றாள். போன வாரம் முழுக்க எனக்கு ரசம் வைத்து அனுப்பினாள். அவளோடு இருந்த பகை முடிந்தது. உத்திராபதி கோபித்துக்கொள்ள மாட்டார்.

அறிவரசன் ஒரு நாள் காலடியில் உட்கார்ந்து அழுதான். அவனையும் விட்டுவிட்டேன். மலர்கொடி உண்மையைச் சொன்னவள். டாக்டரம்மா இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்துத் தமிழில்தான் பேசுகிறார்.

புண்ணுக்கு மருந்து வைக்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் பெரம்பலூரில் இருந்து பஸ் ஏறி வருகிறவள் ஒருத்தி. இன்றும் வந்தாள். வெந்நீரில் பஞ்சை நனைத்து, நர்ஸைவிடப் பதமாகத் துடைத்து, கட்டுப் போட்டு, மிச்சம் இருக்கிற மூன்று விரலுக்கும் நகம் வெட்டிவிட்டாள். "வலிக்குதாம்மா?" என்று கேட்டாள். காலை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தேன். நாலு மணி பஸ்சுக்குப் போய்விட்டாள்.

நான் சாகிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். வெற்றிச்செல்வியை.