எதிர் வீட்டுப் பிள்ளையின் இடம்

ஜூன் 3

என் செல்லத் தங்கச்சிக்கு,

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன், சிரித்தால் உதை விழும். நான் வேலை செய்யும் லாண்டரியின் கதவை யார் தட்டினாலும் கழிப்பறைக்கு ஓடுகிறேன். நேற்று மட்டும் நாலு தடவை. "சர்க்கரை ஏதாவது இருக்கா, பாத்துக்கம்மா," என்கிறார் முதலாளி. சர்க்கரை இல்லை ஐயா, பள்ளிக்கூடம் என்று சொல்ல முடியுமா?

உன் முகவரியைக் கொடுத்து உன் தெருப் பெரிய பள்ளியில் மகளைச் சேர்த்தது முதல் இதே கதைதான். பிள்ளை நிஜமாகவே அங்கே குடியிருக்கிறாளா என்று பார்க்க அதிகாரி வீட்டுக்கே வருவாராமே! உன் வீட்டில் எந்தச் சுவிட்சுக்கு எந்த விளக்கு, தட்டு எந்த அலமாரியில், எல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். "சித்தப்பா குறட்டை விடுறதையும் சொல்லணுமாம்மா?" என்கிறாள். அதிகாரி வந்து போகும்வரை அவள் உன்னோடு இருக்கட்டும். இங்கே எங்கள் பகுதிப் பள்ளியிலிருந்து முடிந்தவர்கள் எல்லாம் பிள்ளைகளை வேறு பள்ளிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று கணக்கு டீச்சரையும் எடுத்துவிட்டார்கள். இவளை இங்கே எப்படி விடுவேன்?

உன் குண்டு அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்கா,

போனில் சொன்னால் உன் மகள் காதில் விழும், அதனால் எழுதுகிறேன். கேட் சத்தம் கேட்டாலே சோற்றை விட்டு எழுந்து சுவரோடு ஒட்டி நிற்கிறாள்.

எதிர் வீட்டுத் தையல்காரம்மாவுக்கும் அதே வயதில் ஒரு பெண். எங்கள் தெருப் பள்ளியில் இடம் நிரம்பிவிட்டது என்று அவளை உங்கள் பகுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். தனியாகப் பேருந்தில் போகிறாள். "உங்க அக்கா பொண்ணு எத்தன நாளைக்கு இருப்பா?" என்று அந்த அம்மா கேட்டார். விருந்துக்கு வந்திருக்கிறாள் என்று உளறிவிட்டேன். அதிகாரி அக்கம்பக்கத்திலும் விசாரிப்பாராம். அந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தோம். இந்தப் பொய்க்காக என் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதே இல்லை.

தங்கை

ஜூன் 16

அடி பயந்தாங்கொள்ளி,

விருந்தாளியா! உன் சமையலுக்கு எவள் விருந்துக்கு வருவாள்? சரி, கேலி போதும்.

நேற்று மழையில் எங்கள் நிறுத்தத்தில் ஒரு பெண் நனைந்துகொண்டு நின்றாள். இடம் மாறி இறங்கிவிட்டாளாம், பள்ளிக்கு வழி கேட்டாள். எங்கிருந்து வருகிறாய் என்றால் உன் தெருவைச் சொன்னாள், அம்மா துணி தைப்பதாகச் சொன்னாள். கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். "ஆன்ட்டி, இங்க கணக்கு யாரு எடுப்பாங்க?" என்றாள். உன் இடத்தில் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லாமல், முந்தானையால் அவள் தலையைத் துவட்டினேன். இத்தனை நாள் அதிகாரிக்குப் பயந்தேன். இப்போது வேறு ஏதோ பயம் பிடித்திருக்கிறது, எழுத வரவில்லை.

அக்கா

ஜூன் 20

அக்கா,

அதிகாரி வந்தார். உன் மகள் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. பிறகு எதிர் வீட்டுக்குப் போனார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தையல்காரம்மா மெஷினை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். "இங்கதாங்க இருக்கா, ரொம்ப நாளா," என்றார்.

நம் பிள்ளையின் இடம் உறுதியாகிவிட்டது. அப்புறம் அவரிடம் போய் நின்றேன். "உங்க அக்கா புள்ள மொகத்தப் பாத்தீங்களா? எப்படிங்க இல்லன்னு சொல்றது?" என்றார். இனி நீ பயப்பட வேண்டாம். நான்தான் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறேன்.

தங்கை

ஜூன் 24

தங்கச்சி,

மகளின் பள்ளி இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது தையல்காரம்மா மகளுக்குத்தானே என்று பெரிய டீச்சரிடம் கேட்டேன். காத்திருப்பவர்கள் வரிசைப்படிதான், இப்போது சொல்ல முடியாது என்றார். பொய் முகவரி கொடுத்த என்னை என்ன செய்வீர்கள் என்றேன். மேலிடத்துக்கு எழுதுவாராம்.

மகளிடம் போனில் சொன்னேன். "அப்ப கணக்கு?" என்றாள். நாலு அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு போய் நம் பள்ளிக்குக் கணக்கு டீச்சர் கேட்போம், இந்தத் தொண்டைக்கு வேறென்ன வேலை என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஞாயிறன்று கூட்டிப்போக வருகிறேன். தையல்காரம்மாவிடம் நானே சொல்கிறேன், நீ பக்கத்தில் நில்.

ஒன்று விட்டுப்போயிற்று. பள்ளியில் நான் முதலில் நுழைந்தது வேறு அறை. ஏணிமேல் ஒருவர் நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்ல முடிவும்மா. ஆனா நான் ஃபேன் மாட்ட வந்தவன். பெரிய டீச்சர் பக்கத்து ரூம்ல இருக்காங்க," என்றார். மறுபடி முதலிலிருந்தா என்று கேட்டேன். அவரே இறங்கி வந்து பெரிய டீச்சரிடம் எனக்காகச் சொன்னார். திரும்பிப் போய்ப் பார்த்தால், எனக்காக அவர் பாதியில் விட்டு வந்த ஃபேன் மேஜைமேல் விழுந்து கிடந்தது. ஒரு இறக்கை வளைந்துவிட்டது.

அக்கா