நோன்பென்று நம்பினோம், அக்கா

என் உயிரினும் இனிய அக்கா,

இம்மடலை ஊரார் காதிலும் விழும்படியே எழுதுகிறேன். பாபநாசத்து உறவுகளே, நீங்களும் கேளுங்கள்! வயிற்று நோயைச் சொல்லப் பெண்கள் நாணும்படி வளர்த்த நம் வழக்கமே என் அக்காளைக் கொன்றது.

வெளியூர்ப் பயணம் என்றால் உனக்கு நோன்பு. திருமணப் பந்தியிலும் நோன்பு. "என்ன பக்தி!" என்று ஊர் வியந்தது. உண்டால் உடனே கழிப்பறை தேட வேண்டுமே என்ற அச்சம்தான் அந்த நோன்பு. குடல் துளைபட்டு உன்னைத் தஞ்சைக்குத் தூக்கிச் சென்ற அன்றுதான் அதை அறிந்தோம். ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா, அக்கா?

உன் மகள் கயல்விழி சொல்லிவிட்டாள். காதணி விழாவில் அவள் இலையைத் தள்ளி வைத்ததும், "சஷ்டி விரதமா கயலு?" என்றார் அவள் பெரியம்மா.

"விரதமெல்லாம் இல்ல பெரியம்மா. பெருங்குடல்ல புண்ணு. ரத்தம் போகுது."

பந்தியே நிமிர்ந்து பார்த்தது.

அன்று தொடங்கிய மருந்துகள் சில ஆண்டுகள் தாங்கின. இப்போது எந்த மருந்துக்கும் நோய் கேட்கவில்லை. பெருங்குடலை அகற்ற வேண்டும், சில மாதம் வயிற்றின் மேல் மலம் சேரும் பை இருக்கும், பின்பு சிறுகுடலைக் கொண்டே வழி அமைக்கலாம் என்கிறார் அறுவை மருத்துவர். மாதுளை ஓட்டுப் பொடியும் மோர்ப் பத்தியமுமே போதும் என்றது பாதி வீடு.

"வயித்துல பையோட நிக்கிற பொண்ண எவன் கட்டுவான்?" என்றார் பெரியப்பா.

"என்னைக் கட்டுறவன் என் குடலையா பெரியப்பா கட்டப்போறான்?"

முதலில் சிரித்தவர் பெரியம்மாதான்.

மேடைதோறும் தமிழ் மருத்துவத்துக்காக முழங்குபவன் நான். என் சொல்லுக்கே எல்லாரும் காத்திருந்தனர். கும்பகோணத்துச் சித்த மருத்துவரிடம் கயலை அழைத்துச் சென்றேன். அறிக்கைகளை முழுதும் படித்தார். "ரொம்ப முத்தியிருக்குங்க. இப்ப நான் மருந்து கொடுத்து நாளைக் கடத்தினா அது பாவம். ஆபரேஷனை முடிச்சிட்டு வாங்க. அப்புறம் அந்த டாக்டரையும் கேட்டுக்கிட்டு, சாப்பாட்டுக்கு வழி சொல்றேன்." தமிழ் மருத்துவத்தின் மீது என் மதிப்பு அன்று இன்னும் உயர்ந்தது.

திரும்பும்போது கயல் கேட்டாள்: "மாமா, பை வச்சுட்டா பஸ்ல பயமில்லாம போலாம்ல? எறங்கி ஓடணுமேன்னு படிக்கட்டுப் பக்கமே உக்காந்து சலிச்சுப்போச்சு. ஜன்னலோரம் உக்காரணும்."

முடிவு அங்கேயே ஆயிற்று.

வியாழக்கிழமை தஞ்சையில் அறுவை. தாய்மாமன் என்ற உரிமையில் அறுவை அறையின் வாயிலில் நிற்பேன். அவள் வீடு திரும்பும் நாளில், ஊர் பார்க்க அவளுக்கு முன்னே நடப்பேன். இது உனக்கு என் வாக்கு.

உறவுகளே, பொடிப் பொட்டலங்களோடு வாராதீர்கள்! கயலுக்குக் குருதி வேண்டும். உடல்நலம் உள்ளோர் நாளைக் காலையே தஞ்சைக்குப் புறப்படுங்கள்!

உன் கைபிடித்து நடந்த தம்பி,
கயலின் தாய்மாமன்