பின் சீட்டில் உன் அப்பா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் சுகத்துக்கும் குறைவில்லை, இடுப்புக்குக் கீழே மட்டும்தான் போன மாதம் முழுக்கச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

உன் அப்பா ஓய்வு பெற்ற கையோடு மோட்டார் சைக்கிள் வாங்கியதும், அவரைப் போலவே முட்டி வலிக்காரர்கள் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு நெடும்பயணக் குழு ஆரம்பித்ததும் உனக்குத் தெரியும். அப்புறம் பிடித்தது முன் சீட் பைத்தியம். காற்றடித்த மெத்தை, ஜெல் மெத்தை, ஆட்டுரோம விரிப்பு என்று தினம் ஒரு பார்சல். சீட்டைக் கழற்றிச் சாப்பாட்டு நாற்காலி மேல் வைத்து, பரிசோதனை என்று அதில் உட்கார்ந்தே சாப்பிட்டார். அவர் உயர்ந்துபோனதில் மேசை அவர் முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டது, பாதிச் சாப்பாடு மடியில். அப்படியே பின் சீட்டையும் கொஞ்சம் பாருங்களேன் என்றேன். “உனக்கென்ன, சும்மா உக்காந்துட்டுதானே வரப்போறே” என்றார்.

உன் சித்திக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்தது, கடலோரத்தில் இருக்கும் அவள் வீடு வரை போய்ப் பார்க்க வேண்டும். ரயிலில் போகலாம் என்றால் கேட்கிற ஆளா? பைக்கில்தான் கிளம்பினோம். பின் சீட் என்பது முன்பக்கம் சரிந்த ஒரு பலகை, அவ்வளவுதான். அவர் பிரேக் போடும்போதெல்லாம் நான் வழுக்கிப்போய் அவர் முதுகில் முட்டுவேன். “ஏன் சும்மா சும்மா தள்றே?” என்று அவருக்குக் கோபம் வேறு. பாதி வழியில் ஒரு டீக்கடை. என்னால் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே குடித்தேன். இவரோ கடைக்காரரிடம், நாள் பூரா ஓட்டினாலும் களைப்பே தெரியாத சீட் என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேசையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு, “இனிமே நான் ஓட்டறேன், நீங்க சும்மா உக்காந்துட்டு வாங்க” என்றேன். கடைக்காரர் சிரித்தார். கல்யாணத்துக்கு முன்பே என் அண்ணன் வண்டியை ஓட்டியவள் நான். உன் அப்பாவுக்குக் கிளட்ச் விடச் சொல்லிக்கொடுத்தது யார் என்று அவரையே கேள்.

உள்ளதைச் சொன்னால் முன் சீட் சொர்க்கம்தான். பின்னாலிருந்து முதலில் அறிவுரை கேட்டது, அப்புறம் முனகல், அப்புறம் ஒன்றுமே இல்லை. ஆற்றுப்பாலம் வந்ததும் “நிறுத்தும்மா” என்றார். இறங்கி அந்தச் சீட்டை யாரோ ஊரான் வீட்டுச் சாமான் போலப் பார்த்துக்கொண்டு நின்றார். “இதுலயா இவ்ளோ தூரம் வந்தே?” என்றார். அவராகவே ஆட்டுரோமத்தை அவிழ்த்துப் பின்னால் கட்டினார். இருவரும் காலை அகட்டி நடந்து வீட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்த உன் சித்தி, “ஆபரேஷன் பண்ணிக்கிட்டது நானா, நீங்களா?” என்று கேட்டாள்.

திரும்பி வந்ததும் சீட் தைப்பவர் கடைக்குப் போனோம். நான் ஒவ்வொரு ஸ்பாஞ்சாகப் போட்டு உட்கார்ந்து ஒரு வாரப் பத்திரிகையை முழுக்கப் படித்தேன். மெத்துமெத்தென்று இருந்ததெல்லாம் இரண்டு பக்கம் படிப்பதற்குள் அமுங்கித் தரை தட்டியது. கொஞ்சம் கெட்டியானதுதான் கடைசிப் பக்கம் வரை தாங்கியது. உன் அப்பா வாசலில் என்னைத் தெரியாதவர் போல நின்றார். அதையே அகலமாக்கி, சரிவை எடுத்து, முதுகுக்கு ஒரு சாய்மானமும் வைத்துத் தைக்கச் சொன்னேன்.

இப்போது குழுவில் அவர்தான் பின் சீட் நிபுணர். போன ஞாயிற்றுக்கிழமை குழு குடும்பத்தோடு கூடியபோது சொற்பொழிவே ஆற்றினார், ஏதோ அவரே கண்டுபிடித்தது மாதிரி. பின்வரிசையிலிருந்து பல் டாக்டரின் மனைவி எழுந்து, “சார், உங்க வீட்ல பின்னாடி உக்காந்து வர்றது யாரு?” என்று கேட்டாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நான்தாம்மா. தூக்கம் நல்லா வருது” என்றார். பெண்கள் கைதட்டி ஓயவில்லை. ஆண்கள் அவரவர் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை பைக் பார்க்கிறார் என்று எழுதியிருந்தாய். கடைக்கு நீயும் கூடப் போ, பின்னால் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் தலையாட்டு. குளிரில் காதை மூடிக்கொள். இரண்டு பேரும் ஆயுசு பூரா ஒற்றுமையாக, முகம் வாடாமல் இருக்க வேண்டும்.

முத்தங்களுடன்,
அம்மா