ஒரே மாதத்தில் இரண்டு திவசம்

என் அருமை யூசுஃப் மச்சி,

நீ போய் இரண்டு ரம்ஜான் ஆகிவிட்டது. அங்கே சிக்னல் எப்படியோ தெரியாது, அதனால் சேதியை நானே சொல்லிவிடுகிறேன்: நிரலை எப்படிச் சோதிப்பது என்ற நம் பழைய சண்டையில் நீ ஜெயித்துவிட்டாய். தோற்றவன் நான். தோற்றவனுக்கு இவ்வளவு குஷி எதற்கு என்கிறாயா?

நம் அடையாறு ஆபீஸில் இப்போது மயிலாப்பூர் புரோகித வாத்தியார் ஒருவருக்காகத் திவச நாள் சொல்லும் ஆப் செய்கிறோம். இறந்த நாளைக் கொடுத்தால், ஒவ்வொரு வருடமும் அதே தமிழ் மாதத்தில் அதே திதி என்றைக்கு வருகிறது என்று சொல்ல வேண்டும். ஹாஸ்கெல் என்ற கணினி மொழியில் அதன் நிரலை எழுதியது அடியேன். ஆபீஸில் பன்னிரண்டு பேர் வீட்டு நாட்களைப் போட்டுப் பார்த்தேன், எல்லாம் சரி. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

புது டீம் லீடர் கவிதா வந்ததுமே, நிரல்களில் பிழை தேட நீ எழுதிவைத்த சோதனைக் கருவியைத் தூக்கக் கிளம்பினாள். "எழுதுனவரே இல்ல சார். நாளைக்கு அதுல பிரச்சினைன்னா யாரைப் போய் கேக்கறது?"

நியாயமான கேள்விதான். ஆனால் உன் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் தின்று வளர்ந்த கருவி மச்சி அது; ஊர் உலகமே எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாகத் திறந்து வைத்தாயே. ஒரே ஒரு மாலை அவகாசம் கேட்டேன்.

உதாரணம் கொடுக்காதே, விதியைக் கொடு என்பாய். கொடுத்தேன்: யார் என்றைக்கு இறந்திருந்தாலும் வருடத்துக்கு ஒரே ஒரு திவசம். உன் கருவி தானாகவே நூற்றுக்கணக்கான சாவுகளைக் கற்பனை செய்து என் நிரலின் மேல் எறிந்தது. ஒரு பெரிய குடும்பப் பட்டியலில் விதி உடைந்தது. பிறகு, எந்த வம்பையும் நாலே வார்த்தையில் சொல்லும் உன் குணப்படியே, தேவையில்லாதவர்களைக் கழித்துக் கழித்து இப்படி நின்றது: ஒரு ஆள், ஆவணி, வளர்பிறைப் பிரதமை, இரண்டு திவசம்.

ஆவணிக்கு முப்பத்தொரு நாள், பிறையின் சுற்றுக்கு இருபத்தொன்பதரை; அதனால் சில வருடம் மாதத் தொடக்கத்தில் ஒரு பிரதமை, கடைசியில் இன்னொன்று. பிறை பார்த்து நோன்பு பிடிக்கும் வீட்டுப் பிள்ளையின் கருவி, பஞ்சாங்கத்தோடு வளர்ந்தவன் மானத்தை வாங்கிவிட்டது. வாத்தியாருக்குப் போன் போட்டேன். "ரெண்டு வந்தா பின்னாடி வர்றதை எடுத்துக்கணும். இதுகூடத் தெரியாமயா ஓய் எழுதிண்டிருந்தீர்?"

கவிதா தானே ஒருமுறை கருவியை ஓட்டிப் பார்த்தாள்; அதே விடை. "இது இருக்கட்டும் சார். ஆனா பாத்துக்க ஒரு ஆள் வேணும்."

கையைத் தூக்கினேன். கருவியின் பராமரிப்பாளர் பட்டியலில் உன் பெயருக்குக் கீழே இப்போது என் பெயர். நேற்றே, அதைப் பயன்படுத்தும் போலந்துக்காரர் ஒருவர் குறை எழுதிவிட்டார். பாதி எனக்குப் புரியவில்லை. புரியும்வரை படித்துப் பதில் போடுவேன். அடுத்து வருபவருக்கும் போடுவேன். உன் பெயரை மேலேயிருந்து எவனும் இறக்க விடமாட்டேன்.

பெற்றவனுக்குப் பின் உன் கருவியை வளர்க்கும் சித்தப்பன்,
சீனு